இல்லத்தில் இசைப்பதிவு: எந்த மென்பொருள் நமக்கு ஏற்றது?

தாய்நாட்டை விட்டு நீங்காமலே தமிழ்நாட்டை விட்டு நீங்கி வாழும் நம் போன்ற குடும்பங்களில், பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிவைப்பது எளிய காரியமன்று. அக்கம்பக்கத்தில் ஆசிரியர் கிடைப்பது அரிது. கிடைத்தவரும் இரண்டாண்டில் கணவருக்கு மாற்றலாகி வேற்றூர் சென்றுவிடுவார். இக்காலத்தில் கும்பகோணத்திலும் மயிலாப்பூரிலும் உள்ள ஆசிரியர்கள் கைப்பேசித் திரையில் தோன்றிப் பாடம் நடத்துகின்றனர் என்பது பெரும் பேறே. ஆயினும் அதிலும் ஓர் இடையூறு உண்டு. காணொளி உரையாடலுக்கான மென்பொருள்கள் பேச்சைக் கருதியே அமைக்கப்பட்டவை. இடைவிடாது ஒரே நிலையில் ஒலிப்பது எதுவாயினும் அதனை இரைச்சல் என்று கொண்டு அவை நீக்கிவிடுகின்றன. மின்விசிறியின் ஓசையோடு தம்பூராவின் நாதமும் போய்விடுகின்றது. பிள்ளை சுருதியோடு ஒட்டிப் பாடுகின்றாளா என்பதை மறுமுனையில் உள்ள ஆசிரியர் அறிய இயலாமற் போகின்றது. ஸூம் என்னும் மென்பொருளில் 'ஒரிஜினல் சவுண்டு' என்ற அமைப்பை இயக்கினால் இக்குறை பெரும்பாலும் நீங்கும். ஆனால் இணைப்புத் தடைப்படும்பொழுது தாளம் தட்டழிவதற்கு எந்த அமைப்பும் மருந்தாகாது.

ஆகவேதான் ஆசிரியர்கள் பலர், "பாடத்தை வீட்டிலேயே பதிந்து அனுப்பு" என்று சொல்லத் தொடங்கியிருக்கின்றனர். அதனைத் தொடர்ந்து பெற்றோர்க்கு ஒரு வினா எழுகின்றது: பதிவதற்கு எந்த மென்பொருளை வாங்குவது? நம் சங்கத்து அன்பர்கள் சிலர் என்னிடம் இதனைக் கேட்டனர். நான் இசை வல்லுநன் அல்லேன், கணிப்பொறி வல்லுநனும் அல்லேன், இரயில்வேயில் எழுத்தர். எனினும் மூன்று மாத காலம் மாலை வேளைகளில், எட்டு ஜி.பி. நினைவகம் கொண்ட பழைய மடிக்கணினி ஒன்றில், ஒரே பாடலை வெவ்வேறு மென்பொருள்களிற் பதிந்து பார்த்தேன். அதனால் அறிந்தவற்றை ஈண்டு எழுதுகின்றேன்.

இவ்வகை மென்பொருளை 'டிஜிட்டல் ஆடியோ ஒர்க்ஸ்டேஷன்' என்பர். பெயர் நீண்டதாயினும் பொருள் எளிது. நம் சரக்கு நிலைய முற்றத்தில் இருபாதைகள் பல அடுத்தடுத்துக் கிடப்பதை நேயர்கள் கண்டிருப்பீர்கள். ஒரு பாதையில் குரல், அடுத்ததில் வயலின், அதற்கடுத்ததில் மிருதங்கம், வேறொன்றில் தம்பூரா என்று தனித்தனித் தடங்களில் ஒலியை நிறுத்தி, வேண்டியதை முன்னே தள்ளி, வேண்டாததை வெட்டி, இறுதியில் அனைத்தையும் ஒரே வண்டியாகக் கோத்து அனுப்புவதே இதன் வேலை.

முன்னாளில் இது பெருஞ்செல்வர் செய்யத்தக்க காரியம். 78 சுழற்சி இசைத்தட்டுக் காலத்தில் ஒரு பக்கத்தில் ஏறத்தாழ மூன்று நிமிடமே கொள்ளும். வித்துவான்கள் கீர்த்தனையைச் சுருக்கிப் பாடியே தீர வேண்டும். பின்னர் நாடா வந்தது. 1989 இல் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரத்து ஸ்டைன்பர்க் நிறுவனம் 'கியூபேஸ்' என்னும் மென்பொருளையும், 1991 இல் அமெரிக்காவின் டிஜிடிசைன் நிறுவனம் 'புரோ டூல்ஸ்' என்பதையும் வெளியிட்டன. கணிப்பொறி ஒலிப்பதிவுக் கூடத்தினுட் புகுந்த காலம் அது. அதே 1989 இல் நம் ஏ. ஆர். ரகுமான் சென்னையில் தம் இல்லத்தை ஒட்டிப் 'பஞ்சதன்' என்ற சிறு பதிவுக்கூடத்தை அமைத்தார். 1992 இல் 'ரோஜா' வெளிவந்தது. வீட்டிலிருந்தே இசை பதியலாம் என்னும் எண்ணம் தமிழர்க்குப் புதியதன்று என்பதற்கே இதனைச் சொன்னேன்.

இனி விஷயத்துக்கு வருவோம். மென்பொருளை மதிப்பிடுமுன் நம் வீட்டில் நடக்கப்போகும் வேலை இன்னதென்று தெளிந்துகொள்ள வேண்டும். கடைக்காரரும் காணொளிப் பேச்சாளரும் கூறும் சிறப்புகளுட் பல நமக்கு வேண்டாதவை. திரைப்பட மெட்டு அமைக்கும் இளைஞர்க்கு ஆயிரம் செயற்கை வாத்தியங்கள் வேண்டும். நம் இல்லங்களில் நிகழ்வதோ பெரும்பாலும் இரண்டே: ஒரு குரலைச் சுருதியோடு தெளிவாகப் பதிதல், அல்லது சங்க ஆண்டு விழாவுக்கும் நடன அரங்கேற்றத்துக்குமாகக் குரல், வயலின், மிருதங்கம், நட்டுவாங்கம் ஆகியவற்றைத் தனித்தனி வேளையிற் பதிந்து சேர்த்தல்.

முதல் வேலைக்கு 'ஆடாசிட்டி' என்னும் மென்பொருளே போதும் என்பது என் துணிபு. அமெரிக்காவின் கார்னெகி மெல்லன் பல்கலைக்கழகத்தில் டொமினிக் மட்சோனி, ரோஜர் டானன்பர்க் என்னும் இருவரால் தொடங்கப்பெற்று, 2000 ஆம் ஆண்டில் வெளியிடப்பட்டது. விலை ஏதுமில்லை. 2021 இல் மியூஸ் குழுமத்தின் பொறுப்புக்குச் சென்ற பின்னரும் இலவசமாகவே கிடைத்து வருகின்றது. அதன் மொழிப் பட்டியலில் தமிழும் இருப்பது நமக்கு மகிழ்ச்சி தருவது.

இலவசம் என்பதற்காக மட்டும் நான் இதனைப் பரிந்துரைக்கவில்லை. என் அன்னையாருக்கு எழுபது வயது கடந்துவிட்டது. அவர் அறிந்த தாலாட்டுகளும் கும்மிப் பாட்டுகளும் எந்த நூலிலும் அச்சேறியவை அல்ல. அவர் தம் பாட்டியாரிடம் வயல் வரப்பில் கேட்டவை. "உட்காருங்கள் அம்மா, பதியப்போகின்றேன்" என்றால் அவருக்குப் பாட்டு வாராது. கீரை ஆய்ந்துகொண்டிருக்கும்பொழுது தாமாகவே பாடுவார். அந்த நொடியில் நாம் ஆயத்தமாக இருத்தல் வேண்டும். ஆடாசிட்டியைத் திறந்து வைத்திருந்தால் விசைப்பலகையில் 'ஆர்' என்னும் எழுத்தைத் தட்டிய மாத்திரத்தில் பதிவு தொடங்கிவிடும். ஏனைய மென்பொருள்களில் புதுத் தடம் ஒன்றைச் சேர்த்து, அது எந்த மைக்கிலிருந்து ஒலி பெற வேண்டும் என்று சொல்லி, அத்தடத்தைப் பதிவுக்கு ஆயத்தம் செய்து, அதன்பின் பொத்தானை அழுத்த வேண்டும். அதற்குள் அம்மா பாட்டை நிறுத்திவிட்டு அடுப்பைக் கவனிக்கப் போய்விடுவார். இவ்வாறு பதினொரு பாடல்களை ஆடாசிட்டியில் பதிந்துள்ளேன். இரண்டில் குக்கரின் சீழ்க்கையும் சேர்ந்திருக்கின்றது. அதனை நீக்க எனக்கு மனம் வரவில்லை.

இரைச்சல் நீக்கும் வசதியும் இதில் நன்று. பாட்டில்லாத இடத்தில் இரண்டு மூன்று விநாடி அளவு மின்விசிறியின் ஓசையை மட்டும் தேர்ந்து, "இதுவே இரைச்சல்" என்று மென்பொருளுக்குக் காட்ட வேண்டும். பிறகு பதிவு முழுவதையும் தேர்ந்து அவ்வோசையைக் கழிக்கச் சொல்ல வேண்டும். அளவோடு செய்தல் முக்கியம். மிகுதியாகக் கழித்தால் குரல் தண்ணீருக்கடியிலிருந்து வருவதுபோற் குழறும். பின்னணியில் தம்பூரா ஒலிக்குமாயின் அதுவும் தேயும். பாடும் ஐந்து நிமிடத்துக்கு விசிறியை நிறுத்தி வியர்வையைப் பொறுத்துக்கொள்வதே மேல்.

ஆடாசிட்டி தடுமாறுவது இரண்டாம் வேலையில். மகள் பாடிய குரலைக் காதிற் கேட்டவாறே அடுத்த தடத்தில் வயலின் வாசிக்கிறோம் என்று கொள்வோம். பதிந்தபின் கேட்டால் வயலின் ஒரு மயிரிழை பிந்தியோ முந்தியோ நிற்கும். இம்மென்பொருள் அவ்விடைவெளியை ஒரு குறித்த எண்ணால் ஈடு செய்கின்றது. அவ்வெண் நம் கணினிக்குப் பொருந்தும்படி நாமே சோதித்து அமைத்தாலன்றித் தாளம் சேராது.

இந்தத் தாமதம் என்னும் பொருளைச் சற்று விரித்துரைக்க வேண்டியுள்ளது. ஏனெனில் வீட்டுப் பதிவுகள் கெடுவது பெரும்பாலும் இதனாலேயே. மைக்கில் விழும் ஒலியைக் கணினி உடனுக்குடன் கையாளுவதில்லை. சிறு சிறு பொட்டலமாகக் கட்டிக் கையாளுகின்றது. விநாடிக்கு 48,000 மாதிரிகள் எடுக்கப்படும்பொழுது, பொட்டலத்துக்கு 1,024 மாதிரி என்று வைத்தால் உள்ளே வர 21 மில்லி விநாடி, வெளியே போக 21 மில்லி விநாடி, ஆக 42 மில்லி விநாடிக்கு மேல் ஆகும். ஒலி காற்றில் ஒரு மீட்டர் செல்ல ஏறத்தாழ 3 மில்லி விநாடி எடுக்கும். எனவே பாடுபவர் தம் குரலை ஹெட்போனில் கேட்பது 14 மீட்டருக்கு அப்பாலிருந்து கேட்பதற்கு ஒப்பாகும். அது ஒரு இரயில் பெட்டியின் நீளத்தில் மூன்றில் இரண்டு பங்கு! கச்சேரி மேடையில் பாடகருக்கும் மிருதங்கக்காரருக்கும் இடையே இரண்டு மீட்டர் இருந்தாலே அதிகம். பொட்டலத்தை 256 மாதிரியாகக் குறைத்தால் மொத்தத் தாமதம் ஏறத்தாழ 11 மில்லி விநாடியாகும், அதனைப் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் பழைய கணினி அவ்வேகத்துக்கு ஈடு கொடாமல் இடையிடையே 'பொட் பொட்' என்று தெறிக்கும். ஆகவே எந்த மென்பொருளை ஆராய்ந்தாலும் முதலில் நம் கணினியில் எந்த அளவுவரை தெறிப்பின்றி இயங்குகின்றது என்று சோதித்தல் வேண்டும். மைக்கின் ஒலியைக் கணினிக்குப் போகாமலே நேரே ஹெட்போனுக்குத் தரும் ஆடியோ இன்டர்ஃபேஸ் பெட்டி இருந்தால் இத்தொல்லை அறவே தீரும். கம்பியில்லாப் புளூடூத் ஹெட்போன் இவ்வேலைக்கு உதவவே உதவாது. அதன் தாமதம் மட்டுமே பெரும்பாலும் நூறு மில்லி விநாடியைத் தாண்டிவிடும்.

பல தடப் பதிவுக்கு நான் தேர்ந்தது 'ரீப்பர்'. முன்னாளில் பாட்டுக் கேட்க நாம் பயன்படுத்திய 'வின்ஆம்ப்' மென்பொருளை ஆக்கிய ஜஸ்டின் ஃபிராங்கல் என்பாரே இதனையும் 2005 இல் தொடங்கினார். இதன் அளவு மிகச் சிறிது. என் பழைய மடிக்கணினியிலும் பதினாறு தடங்களைச் சலிப்பின்றி ஓட்டியது. அறுபது நாள் எவ்வகைக் கட்டுப்பாடும் இன்றிப் பயன்படுத்திப் பார்க்கலாம். அதன்பின் வீட்டு உபயோகத்துக்கு 60 டாலர். நம் பணத்தில் ஐயாயிரம் ரூபாய்க்கு மேல். அறுபது நாள் கழிந்த பின்னும் அது தன்னைப் பூட்டிக்கொள்வதில்லை. பணம் செலுத்துமாறு நினைவூட்டுவதோடு நின்றுவிடுகின்றது. பயணச்சீட்டு இன்றி ஏறுபவரைப் பிடிக்கும் துறையில் இருப்பவன் ஆதலால், சீட்டு வாங்கிக்கொண்டே ஏறுங்கள் என்று நேயர்களை வேண்டுகின்றேன்.

ரீப்பரின் குறை, அதில் வாத்தியங்கள் ஏறக்குறைய இல்லை என்பது. வெற்று வீட்டை வாடகைக்குப் பிடித்தது போல. தட்டுமுட்டுச் சாமான்களை நாமே கொண்டு செல்ல வேண்டும். பட்டிகளும் மிகுதி, முதல் வாரம் தலை சுற்றும். ஆனால் நம் இசைக்கு அது வளைந்து கொடுக்கின்றது. மேல்நாட்டு மென்பொருள்கள் யாவும் நான்கு நான்காக எண்ணும் பழக்கம் உடையவை. ஆதி தாளத்துக்கு அது போதும். மிச்ர சாபுவுக்கு ஏழும் கண்ட சாபுவுக்கு ஐந்தும் எண்ண வேண்டும். அந்த ஏழையும் மூன்று நான்காகப் பிரித்துத் தட்ட வேண்டும். ரீப்பரில் தட்டுகளுள் எது உரத்தும் எது மெலிந்தும் ஒலிக்க வேண்டும் என்பதையும் நாமே வகுத்துக்கொள்ளலாம். ஆலாபனைக்கும் விருத்தத்துக்கும் தாளக் கட்டமே கூடாது. அப்பொழுது தட்டொலியையும், கோடுகளோடு ஒட்டவைக்கும் அமைப்பையும் நிறுத்திவிட வேண்டும். நீங்கள் எம்மென்பொருளை ஆராய்ந்தாலும் இதனைச் செய்து பாருங்கள்: மிச்ர சாபுவில் ஒரு பாட்டு, தாளமின்றி ஒரு விருத்தம். இவ்விரண்டையும் தடையின்றிப் பதிய இடம் தராத மென்பொருள் நமக்கு ஆகாது.

ஆப்பிள் கணினியோ ஐபோனோ உள்ள இல்லத்தினர் வேறு தேட வேண்டா. 2004 இல் வெளிவந்த 'கராஜ்பேண்ட்' இலவசமாகவே கிடைக்கின்றது, வாத்தியங்களும் உண்டு, குழந்தைகளுக்கு எளிது. புரோ டூல்ஸின் இலவசப் பதிப்பில் எட்டுக் குரல் தடங்களே. கற்கும் உழைப்போ முழுப் பதிப்புக்கு உரியது. கியூபேஸ், ஏபிள்டன் முதலியவை சிறந்தவையே. தொழில் செய்வோர் வாங்கட்டும். வாங்குவோரும் ஒன்றைக் கவனிக்க: விலை குறைந்த பதிப்புகளில் தடங்களின் எண்ணிக்கையையும் கருவிகளையும் குறைத்துத் தருவது வழக்கம். விலைச்சீட்டைப் பார்க்குமுன் பதிப்புகளின் ஒப்பீட்டுப் பட்டியலைப் பார்க்க வேண்டும்.

சுருதி திருத்தும் கருவியைப் பற்றி ஒரு சொல். 1997 இல் 'ஆட்டோடியூன்' வெளிவந்தது. அதனை ஆக்கிய ஆண்டி ஹில்டபிராண்டு, அதற்கு முன் எண்ணெய் தேடுவதற்காக நில அதிர்வு அலைகளை ஆராய்ந்தவர். பிறழ்ந்த சுரத்தை அண்மையில் உள்ள அரைச் சுரத்துக்கு இழுத்து நிறுத்துவதே இதன் தொழில். நம் பிள்ளைகள் இதனை விரும்பிக் கேட்கின்றனர். ஆனால் தோடியின் காந்தாரம் ஓரிடத்தில் நிற்பதன்று; ரிஷபத்துக்கும் மத்தியமத்துக்கும் இடையே அசைந்தாடுவதிலேதான் அதன் உயிர் இருக்கின்றது. கருவியை இறுக்கமாக அமைத்துத் தோடி பாடிய பதிவொன்றில் செலுத்திப் பார்த்தேன். கமகம் படிக்கட்டாகிவிட்டது, தோடியைக் காணோம். பயிலும் பிள்ளைக்கு இதனால் வேறொரு தீங்கும் உண்டு. ஆசிரியர் கேட்க வேண்டியது பிள்ளையின் பிழையை. அதனைக் கருவி மறைத்துவிட்டால் பாடம் எதற்கு? ஆசிரியருக்கு அனுப்பும் பதிவில் இதனைத் தொடவே கூடாது.

பணம் செலவிடுவதாயின் மென்பொருளுக்கு முன் மைக்கிற்குச் செலவிடுங்கள். மடிக்கணினியில் உள்ள துளை மைக் பேச்சுக்கு மட்டுமே. 'கண்டன்சர்' வகை மைக் மிக நுட்பமானது. எங்கள் குடியிருப்புப் போல் பின்புறம் சரக்கு வண்டி ஓடும் இடத்தில் வண்டியையும் சேர்த்துப் பதியும். 'டைனமிக்' வகை, வாயருகே உள்ள ஒலியையே பெரிதும் கொள்ளும். 1966 முதல் விற்பனையில் உள்ள ஷ்யூர் நிறுவனத்தின் எஸ்.எம்.58 அவ்வகையே, நம் சபா மேடைகளில் எத்தனையோ முறை கண்டிருப்பீர்கள். சுவருக்கு எதிரே நில்லாமல், துணி நிறைந்த அலமாரியைத் திறந்து வைத்து அதன் முன் நின்று பாடினால் எதிரொலி அடங்கும்.

பதிந்ததைக் காப்பதே இறுதி வேலை. 1987 முதல் வழங்கிவந்த 'கேக்வாக்' மென்பொருளின் கதை இதற்குச் சான்று. அதன் உரிமை பெற்றிருந்த கிப்சன் நிறுவனம் 2017 நவம்பரில் அதன் வளர்ச்சியை நிறுத்துவதாக அறிவித்தது. முப்பதாண்டு நம்பியிருந்தோர் திகைத்தனர். 2018 இல் பேண்ட்லேப் நிறுவனம் வாங்கி அதனைப் பிழைக்க வைத்தது. எல்லா மென்பொருளுக்கும் அத்தகைய நல்லூழ் வாய்க்கும் என்று சொல்ல முடியாது. ஒவ்வொரு மென்பொருளும் தன் பதிவைத் தனக்கே உரிய கட்டில் கட்டி வைக்கின்றது. அதனை மற்றொன்று அவிழ்ப்பது அரிது. ஆகையால் வேலை முடிந்ததும் ஒவ்வொரு தடத்தையும் தொடக்கப் புள்ளியிலிருந்து 'வேவ்' கோப்பாக வெளியே எடுத்து வைக்க வேண்டும். 1991 இல் வகுக்கப்பட்ட அவ்வடிவத்தை ஏறக்குறைய எல்லா மென்பொருளும் திறக்கும். 48,000 மாதிரி, 24 பிட் என்னும் தரத்தில் ஒரு குரலுக்கு நிமிடத்துக்கு ஏறத்தாழ எட்டரை எம்.பி. ஆகும், ஒரு மணி நேரப் பாட்டு அரை ஜி.பி. சற்று மிகும். இக்கால விலையில் இது பெரும் சுமையன்று. எம்.பி.3 ஆக்குவது அனுப்புவதற்கு மட்டும் இருக்கட்டும். ஆசிரியருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பும்பொழுது குரற்செய்தியாக அனுப்பாமல், ஆவணமாக இணைத்து அனுப்பினால் தரம் குன்றாமற் சேரும்.

கோப்புக்குப் பெயர் இடும்பொழுது பாடியவர் பெயர், பாடல், நாள், சுருதி ஆகிய நான்கையும் எழுதுக. ஐந்து கட்டையா ஐந்தரைக் கட்டையா என்று மூன்றாண்டு கழித்து நினைவிராது. ஒரு படியைக் கணினியிலும், ஒரு படியைத் தனி வட்டிலும், இயலுமாயின் ஒன்றை ஊரில் உள்ள உறவினர் வீட்டிலும் வைத்திருங்கள்.

ஆடாசிட்டியையோ ரீப்பரையோ நிறுவுவதில் ஐயமுள்ள அன்பர்கள் இரண்டாம் ஞாயிறு மாலை ஐந்து மணிக்குச் சங்க நூலகத்தில் என்னைக் காணலாம். மடிக்கணினியோடு அதன் மின்கம்பியையும் உடன் கொண்டு வருக. நூலகத்தில் செருகுமுனை ஒன்றே உள்ளது.